சேர் வைக்கச் சொன்ன புள்ளிகள்

நம் கல்லூரியில் புவியியல் படித்தவர்களுக்குப் புள்ளி வரைபடம், அதாவது ஆக்கள் இருக்கும் இடங்களில் புள்ளி வைத்துக் காட்டும் படம், மறந்திருக்காது. சனத்தொகையைப் பரப்பளவால் பிரித்து விடையை எழுதியதும் நாங்கள் கொப்பியை மூடப் பார்ப்போம். எங்கள் புவியியல் ஆசிரியர், சேர், விடமாட்டார். "சரி, ஆக்கள் எங்க இருக்கினம்? அதைப் போடு" என்பார். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் புள்ளிகளால் கறுத்துப்போகும். குடாநாட்டுக்குத் தெற்கேயுள்ள வன்னி வெளுத்துக் கிடக்கும். அந்தப் பாடத்தின் அருமை எனக்கு முழுதாக விளங்கியது, நியூசிலாந்துக்கு வந்து ஸ்டூவர்ட் தீவுக்குப் போனபோதுதான்.

தென் தீவின் அடியிலுள்ள புளஃப் துறைமுகத்திலிருந்து படகில் ஒரு மணி நேரம். நீரிணையின் அகலம் 30 கிலோமீற்றர்தான், ஆனால் அலை குடலைப் பிரட்டிவிடும். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் ரக்கியுரா என்று அழைக்கும் இத்தீவின் பரப்பு ஏறத்தாழ 1,700 சதுர கிலோமீற்றர். நம் யாழ்ப்பாண மாவட்டத்தைவிடப் பெரிது. 2018 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 408 பேர். பிரித்துப் பார்த்தால் ஆளுக்கு நாலு சதுர கிலோமீற்றர் வரும். ஆனால் அப்படி யாரும் பரந்து வாழவில்லை. ஏறக்குறைய எல்லாரும் ஹாஃப்மூன் குடாவைச் சுற்றி, ஓபன் என்ற ஒரே ஊரில்தான். மொத்தத் தெரு 28 கிலோமீற்றர். அது முடிந்தால் ரிமு மரமும் பன்னமும் பாசியும்தான். தீவில் 85 வீதம் 2002 முதல் தேசியப் பூங்கா. மனிதரைவிடக் கிவிப் பறவைகள் பல மடங்கு அதிகம்.

காடு எப்போதும் இப்படி ஆளில்லாமல் இருக்கவில்லை. மாவோரி கடற்கரைக்குப் பின்னால் நடைபாதையோரத்தில், மரக்குற்றிகளை இழுத்த பழைய நீராவி இயந்திரம் ஒன்று கிடக்கிறது. கை வைத்தால் துரு பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. சுற்றிலும் இளமரங்கள் நெருங்கி வளர்ந்து நிற்கின்றன. மரம் அரியும் ஆலை ஓடிய நாளில் அங்கே குடும்பங்கள் இருந்தன, பள்ளிக்கூடமும் இருந்தது. 1931இல் ஆலை மூடியது, சனம் போய்விட்டது. தொழில் எங்கேயோ ஆக்களும் அங்கே என்று சேர் திருப்பித் திருப்பிச் சொன்னதை அந்த இடத்தில் கண்ணால் கண்டேன். அவர் உடன் இருந்திருக்கவேண்டும் என்று மனம் மிகவும் ஏங்கியது.

இன்று மீன்பிடியும் சுற்றுலாவும்தான் ஊரைத் தாங்குகின்றன. சிங்க இறால், நீலக் கொட் மீன், சமன் (சால்மன்) மீன் வளர்ப்பு எல்லாம் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் ரக்கியுரா மாவோரிக் குடும்பங்கள் பக்கத்துக் குட்டித் தீவுகளுக்குப் போய்த் தங்கி, தித்தி என்ற கடற்பறவைக் குஞ்சுகளைப் பிடிப்பார்கள். அது அவர்களின் தலைமுறை உரிமை.

ஊரில் ஒரேயொரு ஆரம்பப் பள்ளி. பதின்மூன்று வயதானால் பிள்ளைகள் மேற்படிப்புக்குக் கடல் கடந்து போகவேண்டும், பலர் விடுதிக்கு. யாழ்ப்பாணத் தீவுப்பகுதியிலிருந்து வந்து நம் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தவர்களுக்கு அந்தப் பெற்றோரின் கவலையை நான் விளக்கத் தேவையில்லை. நியூசிலாந்துக்கு வரும் நம்மவர்கள் ஒக்லாந்தோடு திரும்பிவிடாதீர்கள். ஓபனில் இரண்டு நாளாவது தங்குங்கள், அந்த ஆலைப் பாதையில் நடந்து பாருங்கள். மழைச்சட்டை கட்டாயம்.