ஒரம்பரை

நாய் குரைக்காது என்று நான் சொன்னதும், பெரியவர் காபி டம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

"கொலைக்காதுங்களா? அப்புறம் எதுக்குங்க அது?"

வெள்ளக்கோவில் பக்கத்திலிருந்து டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்தவர். தோட்டத்துச் சாளையில் ராத்திரி ஆளில்லை, காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். எங்கள் நாயோ அவருடைய வண்டிச் சத்தம் கேட்டபோதே கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அவர் எட்டிப் பார்த்தார். சுவரோரமாக ஒரு பழுப்பு முதுகு மட்டும் தெரிந்திருக்கும்.

போகும்போது வண்டியை உதைத்துக்கொண்டே அத்தையிடம் கேட்டார். "இந்த அம்முணி எந்த ஊருங்க? பழமை ஒரு தினுசா இருக்குதே."

"மலேசியாவுங்க."

"அதானே பார்த்தேன்."

நான் காங்கேயத்துப் பக்கம் வாழ வந்து நாலு வருஷம் ஆகிறது. 'ங்க' போடாமல் பூனையைக்கூட விரட்டுவதில்லை. பழமை என்றால் இங்கே பேச்சு. அன்றைக்கு அவரிடம் என்ன பேசினேன் என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். வாங்க என்றேன், உட்காருங்க என்றேன். காலை எட்டு மணிக்கு வந்தவரிடம் பசியாறிட்டீங்களா என்று கேட்டேன். அதுதான் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

வார்த்தைகளால் எனக்கு நேர்ந்த முதல் விபத்து 'தோட்டம்'. கல்யாணப் பேச்சு வந்தபோது, "எங்களுக்குத் தோட்டம் இருக்குதுங்க" என்று மாப்பிள்ளை வீட்டார் போனில் பெருமையாகச் சொன்னார்கள். சுங்கை பட்டாணியில் அம்மா கண்ணைக் கசக்கினாள். "அந்தத் தோட்டத்த விட்டு வெளிய வர நாங்க என்ன பாடுபட்டோம்! நீ மறுபடியும் தோட்டத்துக்கே போறியா?" ரப்பர் பால்மரம், கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயம், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு என்று அம்மாவின் மனதில் ஓடியது வேறு படம். கிணறும் தென்னையும் கட்டுத்தரையில் நாலு காங்கேயம் மாடும் கிலுவை வேலியும்தான் இங்கே தோட்டம் என்று புரியவைக்க ஒரு மாதம் ஆனது. வந்து பார்த்த பிறகும் அம்மா முழுதாக நம்பவில்லை. "மரமே காணோமே" என்றாள்.

சரி, நாய்க்கு வருகிறேன்.

ஆனி மாதம் கோயம்புத்தூரில் ஒரு காப்பகத்திலிருந்து அதைக் கூட்டி வந்தோம். நிரந்தர வீடு கிடைக்கும்வரை வைத்திருங்கள் என்றுதான் கொடுத்தார்கள். மூன்று வயசுப் பெண் நாய். காது நுனியில் சின்ன வெட்டு, கருத்தடை ஆனதற்கு அடையாளம். தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்பதுதான் சட்டம். இதைக் கொண்டுபோய் விடப் போனால், அது இருந்த பழைய நூல் மில்லையே இடித்துவிட்டிருந்தார்களாம். இரண்டு முறை பைபாஸ் ரோட்டில் லாரிக்கு நடுவே ஓடியிருக்கிறது. அப்புறம் காப்பகத்திலேயே வைத்துக்கொண்டார்கள். அங்கே ஒரு வருஷம். பார்க்க வந்தவர்கள் எல்லாம் வாலாட்டுகிற நாயையே கூட்டிப் போனார்கள்.

எங்கள் லயம் இருந்த இடத்தில் இப்போது தாமான், புதுக் குடியிருப்பு. விலாசம் சொன்னால் கிராப் ஓட்டுநருக்குக்கூடத் தெரியாது.

காப்பகத்தில் அதற்கு ஜூலி என்று பெயர். இங்கே அந்தப் பெயர் மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. "ஏங்கண்ணு, ஊட்டுக்கு வந்த ஒரம்பரையாட்டம் மூலையிலயே உக்காந்திருக்குது. நாம அக்கட்டால போனாத்தான் சோறு உங்குது" என்றார் அத்தை. ஒரம்பரை என்றால் இங்கே விருந்தாளி. அதுவே பெயராக நிலைத்துவிட்டது. போகட்டும், பக்கத்துத் தோட்டத்து நாய்க்குப் பாபி என்று பெயர். மலாய் மொழியில் பாபி என்றால் பன்றி. மலேசியாவில் வாசலில் நின்று அப்படிக் கூப்பிட முடியுமா! முதல் முறை கேட்டபோது நான் மட்டும்தான் சிரித்தேன். ஏன் சிரிக்கிறேன் என்று விளக்கினேன். அதற்கப்புறமும் நான் மட்டும்தான் சிரித்தேன்.

ஒரம்பரைக்குச் சீமாறு பயம், செருப்புச் சத்தம் பயம், மோட்டார் போட்டால் பயம். இதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். தெரியாமல் போனது, குனிவது. யாராவது குனிந்தால் போதும், வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு பறந்துவிடும். தெருவில் அதன் எதிரே குனிந்தவர்கள் எல்லாம் கல்லெடுக்கத்தான் குனிந்திருப்பார்கள் போல. ஒரு தோட்டத்தில் மனிதர்கள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை குனிகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். சாணி அள்ள, கோலம் போட, மட்டை பொறுக்க, கன்றை அவிழ்க்க, பாத்தி மடை திருப்ப. காலையில் ஆறு மணிக்குள் அது இருபது தடவை ஓடியிருக்கும்.

நேராகப் பார்க்காதீர்கள், தலைக்கு மேலே கை கொண்டுபோகாதீர்கள், பக்கவாட்டில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள், அதுவாக வரட்டும் என்று காப்பகத்துப் பெண் சொல்லியனுப்பியிருந்தாள். வெளியே கூட்டிப்போனால் கழுத்துப் பட்டையில் ஒரு கயிறும் மார்புப் பட்டையில் ஒரு கயிறும் வேண்டும். பயந்த நாய் ஒற்றைப் பட்டையை உருவிக்கொண்டு ஓடிவிடுமாம். அப்புறம் ஒரு கணக்கு. மிரட்சி இறங்க மூன்று நாள், வீட்டு வழக்கம் பிடிபட மூன்று வாரம், நம் வீடு என்று தோன்ற மூன்று மாதம். பயந்த நாய்க்கு இன்னும் கூடுதலாக ஆகலாம்.

"புதுப்பொண்ணுக்குச் சொல்ற கணக்காட்டம் இருக்குது. உனக்கு எத்தன நாளாச்சு கண்ணு?" என்று அத்தை கேட்டார்.

"மூணே வாரம் அத்தை" என்றேன் பெருமையாக.

அந்த மூன்றாவது வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் நாலு மணிக்குக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளையெல்லாம் அவசர அவசரமாக உருவிக்கொண்டு உள்ளே ஓடினேன். மேற்கே லேசாக இருட்டியிருந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு மழை பெய்யவில்லை. அந்த மாதமே பெய்யவில்லை. மடியில் துணிக்குவியலோடு ஆசாரத்தில், அதாவது கூடத்தில், உட்கார்ந்து, தகரக் கூரையில் மழை இறங்கும் சத்தத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். ஈரப் பால்மர இலை வாசனை வேறு. அத்தைக்கு இது தெரியாது. காயாத துணியை மடித்துவிட்டேன் என்று சொன்னார், அவ்வளவுதான்.

நாய்க்கு வீடு தேடுவதில் இன்னொரு சிக்கல் இருந்தது. இது ஆட்டுப்பட்டி ஊர். காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கமெல்லாம் தெருநாய்கள் ராத்திரியில் பட்டிக்குள் பாய்ந்து ஆடுகளைக் குதறிப்போட்டு, விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துக்காரர் ஒரே ராத்திரியில் ஏழு உருப்படி இழந்தவர். அவரிடம் போய் நாய்கள் பாவம் என்று பேச எனக்கு வாய் வராது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி, பதினோரு நாளில் அதை மாற்றி, கருத்தடை செய்து விட்டுவிடச் சொன்னபோது, டிவி முன்னால் அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஒருநாள் அவரே ஒரம்பரையைச் சோதிக்க வந்தார், கையில் ஒரு குட்டியோடு. குட்டி 'மே' என்றது. நாய் கட்டிலுக்கடியில் போய்விட்டது.

"இதுனால ஒண்ணும் ஆவாதுங்க" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார்.

எதற்கும் ஆகாத நாயை யார் கேட்பார்கள்? வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி, குரைக்குமா. அதற்கு இல்லை என்றால் அடுத்த கேள்வியே இல்லை. எனக்கு இது ஆறவேயில்லை. லயத்தில் எங்களுக்கு ஒரு நாய் இருந்தது. அம்மா இருட்டில் தலைவிளக்கோடு பால்வெட்டப் போகும்போது பத்தடி முன்னால் நடக்கும். அது குரைத்து நான் கேட்டதேயில்லை. பாம்பு கிடந்தால் அப்படியே நின்றுவிடும். அது நின்றால் அம்மாவும் நின்றுவிடுவாள். இதை நான் யாரிடமாவது சொன்னால், "மலேசியாவுல அப்படிங்களா" என்பார்கள்.

புரட்டாசியில் பெருந்துறையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். மனைவி இறந்து வீடு வெறிச்சென்று இருக்கிறதாம். குரைக்குமா என்று கேட்கவில்லை. காம்பவுண்டு ஆறடி, சங்கிலியில் கட்டமாட்டேன் என்று அவராகவே சொன்னார். கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேப்பர் படித்தார். ஒரம்பரை வெளியே வந்து அவருடைய சட்டை நுனியை மோந்து பார்த்துவிட்டுப் போனது.

இதைவிட நல்ல வீடு கிடைக்காது. காப்பகத்துக்குப் போன் செய்ய எழுந்தேன்.

"தீபாவளி கழிச்சு வந்து கூட்டிட்டுப் போங்க சார், பட்டாசுச் சத்தத்துல புது எடத்துல மெரண்டுக்கும்" என்றார் அத்தை.

நியாயம்தான். தீபாவளி ராத்திரி அத்தை டிவியை உச்சத்தில் வைத்துவிட்டுக் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார், கீழே நாய் நடுங்கிக்கொண்டிருந்தது. தீபாவளி கழிந்தது. கார்த்திகை தீபத்துக்கும் வெடிப்பார்கள் என்றார். மார்கழியில் வீட்டை விட்டு அனுப்பக் கூடாது என்றார். பட்டிப் பொங்கல் நோம்பி கும்பிட்டுவிட்டு அனுப்பலாம் என்றார். நோம்பி என்றால் இங்கே பண்டிகை. கோலம் போடுகிறவர் இப்போதெல்லாம் குனிவதில்லை, குந்தி உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து போடுகிறார் என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

அம்மா போனில் எப்போ வர்றே என்றாள்.

"நோம்பி கழிச்சு வர்றேம்மா."

"நோன்பா? நீ எதுக்குடி நோன்பு இருக்கே?"

தைப்பூசத்துக்குப் போய் மூன்று வாரம் இருந்தேன். பினாங்கு தண்ணீர்மலையில் காவடிக் கூட்டம், அம்மா கையால் நாசி லெமாக், இரண்டொரு நாள் நாலு மணி மழை. மாமாக் டீக்கடையில் "ஏனுங்க, ஒரு தே தாரே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "நீங்க ஊர்க்காரங்களா?" என்று கேட்டான் பையன். அங்கே ஊர் என்றால் இந்தியா. நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சீனி கம்மியாகப் போடச் சொன்னேன்.

திரும்பி வரும்போது திருச்சியில் இறங்கி, கரூர் வழியாகத் தோட்டத்துக்கு வந்து சேர இரவு பதினொன்று. இட்டேரி என்கிற வேலிப் பாதைக்குள் கார் வராது என்று ஓட்டுநர் முனையிலேயே விட்டுவிட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவுவரை நடந்தேன். உள்ளேயிருந்து ஒரு குரல். கரகரப்பாக, பழக்கமில்லாத தொண்டையிலிருந்து வருகிற மாதிரி. நான் கேட்டேயிராத குரல்.

கேட்டுக்குப் பின்னால் நாலு காலையும் ஊன்றி நின்று, ஒரம்பரை என்னைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது.

அத்தை ஓடிவந்தார். முந்தானை ஒரு பக்கம், டார்ச் ஒரு பக்கம். "கேட்டீங்களா! கொலைக்குது பாருங்க! ஒரம்பரையைப் பாத்துக் கொலைக்குது!" என்று உள்ளே திரும்பி மாமாவைக் கூப்பிட்டார். சந்தோஷத்தில் கேட்டைத் திறக்க மறந்துவிட்டார்.

பெட்டி இருபத்துமூன்று கிலோ. அதைக் கீழே வைக்கவேண்டுமானால் குனியவேண்டும். நான் கையை மாற்றிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.