கிடைத்த இடம்

எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பழைய சென்னைவாசிகள் வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. எழும்பூரில் கைடு வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னதும் பெரியம்மா, "செத்த காலேஜிலயா? சம்பளமாவது உயிரோட வருமா?" என்று கேட்டாள். வந்தது.

சேர்ந்த புதிதில் மனப்பாடம் செய்ததையெல்லாம் கொட்டுவேன். 1851-ல் தொடக்கம், முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர், கன்னிமாரா நூலகம் 1896, அதோ அந்தச் சிவந்த கட்டடம் ஹென்றி இர்வின் வடிவமைத்து 1909-ல் திறந்தது. கூட்டம் மரியாதையாகக் கேட்கும். கண் மட்டும் அடுத்த அறைக்குப் போய்விடும்.

வெண்கலக் கூடத்தில்தான் எனக்கு வேலை பிடிபட்டது. அரக்கோணம் பக்கத்துக்காரர் ஒருவர் நடராஜர் முன்னால் நின்று, "திருவாலங்காடுன்னு போட்டிருக்கே, நம்ம திருவாலங்காடா?" என்றார். ஆமாம் என்றேன். வாசல் வரை போய்விட்ட மனைவியை ஓடிப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். "அப்போ எங்க கோயில் ரத்தின சபையில இருக்கறது?" "அது அங்கேயே இருக்குங்க, இது வேற." அந்த அம்மாள் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். சோழர் காலம், செப்புத் திருமேனி, வார்ப்பு முறை என்று வாயில் தயாராக இருந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கவனித்தேன். பெயர்ப் பலகையில் நூற்றாண்டை யாரும் தேடுவதில்லை, ஊரைத்தான் தேடுகிறார்கள். சரி, ஊரிலிருந்தே ஆரம்பிப்போம் என்று பேச்சை மாற்றிக்கொண்டேன்.

ஊரைச் சொன்னால் அடுத்த கேள்வி தானாக வரும்: சாமி எப்படி மண்ணுக்குள்ளே போச்சு? படையெடுப்புக்குப் பயந்து புதைத்த கதையைச் சொல்வேன். வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதும் உழும்போதும் அவை வெளியே வருவதையும், 1878-ம் வருடத்துப் புதையல் சட்டத்தையும் சொல்வேன். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றால், "பத்து ரூபாயா?" என்று கட்டாயம் ஒருவராவது சிரிப்பார். திருவெண்காட்டுக்காரர்களிடம் சொல்ல இன்னொன்று உண்டு. அவர்கள் ஊர் அர்த்தநாரீசுவரர் எங்களிடம், ரிஷபவாகனர் தஞ்சாவூர் கலைக்கூடத்தில். இரண்டையும் பார்க்க இரண்டு ஊருக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்.

அமராவதிக் கூடத்தில் பேச்சு கொஞ்சம் கனக்கும். ஆந்திராவில் குண்டூர்ப் பக்கத்து அமராவதியின் பௌத்தத் தூபிச் சிற்பங்கள் இவை. பளிங்கு என்று பெயர், உண்மையில் சுண்ணாம்புக்கல். 1845-ல் கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பியவற்றில் ஒரு பெரும் பகுதி 1859-ல் லண்டனுக்குக் கப்பலேறியது. குண்டூரிலிருந்து வந்த ஒரு ஆசிரியர் இதைக் கேட்டுவிட்டு, "லண்டனை விடுங்க, உங்ககிட்ட இருக்கறதே எங்க ஊருதானே" என்றார். நியாயம்தான். காணும் பொங்கல் என்றால் இப்படியெல்லாம் நின்று பேசவே முடியாது, கூட்டம் திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்க்கத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

கற்கருவிகள் பக்கம் யாரும் அதிகம் நிற்க மாட்டார்கள். 1863-ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார், இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அதிலிருந்துதான் தொடங்கியது என்று ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு கல்லூரிப் பையன், "நான் பல்லாவரம்தான் சார். எந்த இடம்?" என்று கேட்டான். பரேடு மைதானம், சரளைக்கல் தோண்டிய குழி என்றேன். "அது இப்போ எங்கே?" அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் எழும்பூரில் தாம்பரம் லோக்கலைப் பிடித்துப் பல்லாவரத்தில் இறங்கினேன். ஒரு மணி நேரம் தெருத் தெருவாகச் சுற்றிவிட்டு டீக்கடையில் நின்று, இங்கே பழைய மைதானம் எங்கே இருந்தது என்று விசாரித்தேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இடம் பாக்க வந்தீங்களா சார்? எத்தனை கிரவுண்டு வேணும்?"