கதிரையும் நாற்காலியும்

புதுச்சேரியிலிருந்து காலாப்பட்டு தாண்டினால் கீழ்ப்புத்துப்பட்டு. ஐயனார் கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், அங்கேதான் இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது.

அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் சாயந்திரத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்தேன். வீட்டில் 'கதிரை', பள்ளியில் 'நாற்காலி'. புரியாவிட்டால் சின்னதுகள் 'விளங்கேல்லை' என்னும். பெரிய பிள்ளைகள் உஷார், சுத்தமான நம்மூர்த் தமிழில் 'புரியல சார்'!

1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆனாலும் அரசுப் பள்ளியில் இவர்களுக்கு இடம் உண்டு. அதைப் பாராட்டத்தான் வேண்டும். சிக்கலெல்லாம் பிளஸ் டூவுக்கு அப்புறம். விண்ணப்பத்தில் 'குடியுரிமை' என்று ஒரு கட்டம் வரும். என்னிடம் படித்த ஒரு பெண் இங்கேயே பிறந்தவள். ஆனால் 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்திருந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். "என்ன சார் எழுதட்டும்?" என்றாள். சரி, உள்ளதை எழுது என்றேன்.

போன வாரம் ஒரு கல்லூரி கவுண்டரில் அந்தக் கட்டத்தைப் பார்த்ததுமே ஃபார்மைத் திருப்பித் தள்ளிவிட்டார்கள். மூன்றாவது தடவை. பெயிண்ட் வேலையை விட்டுவிட்டு வந்திருந்த அவள் அப்பா ஃபார்மை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "பரவாயில்லைத் தம்பி, நாளைக்கும் வருவம்."