கேபிளும் யூவி-5ஆரும்

ஜூன் 7
சர்வதேச விண்வெளி நிலையத்தில், அமெச்சூர் வானொலிக்காரர்களின் பேச்சை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் இருக்கிறது. அதற்கான சேனல்களை என் யூவி-5ஆர் கையடக்க ரேடியோவில் ஏற்ற வேண்டும். கேட்பது ஒரு பேண்ட் (அலைவரிசை வரம்பு), பேசுவது இன்னொரு பேண்ட். ரேடியோவின் பொத்தான்களில் அதைத் தட்டுவது பெரும்பாடு. கணினியிலிருந்து ரேடியோவுக்குச் சேனல் ஏற்றும் சர்ப் மென்பொருள் இருந்தால் நிம்மதி.

ரேடியோவைக் கணினியோடு இணைக்கும் புது யூஎஸ்பி கேபிளைச் செருகினால், விண்டோஸ் 11 டிவைஸ் மேனேஜரில் போர்ட் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பிஎல்2303எச்எக்ஸ்ஏ சிப் 2012இலேயே நிறுத்தப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள் என்று வருகிறது. உள்ளே இருப்பது பழைய சிப், இல்லையென்றால் போலி. பழைய டிரைவர் போட்டால் ஓடுமாம். கண்ட இடத்திலிருந்து டிரைவர் இறக்க எனக்கு மனமில்லை.

ஜூன் 8
அதே கேபிள், லினக்ஸ் மடிக்கணினி. டிரைவர் கெர்னலிலேயே இருப்பதால் டிடிஒய்யூஎஸ்பி0 என்ற போர்ட் உடனே வந்துவிட்டது. சர்ப் மட்டும் அனுமதி இல்லை என்றது. பயனரை, போர்ட்டைப் பயன்படுத்த அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து திரும்பி வந்ததும் அது சரி.

அடுத்து, ரேடியோ பதில் தரவில்லை என்ற செய்தி. போர்ட் சரி, மாடல் சரி, ரேடியோ ஆனில்தான் இருக்கிறது. மிச்சம் பிளக்தான். கென்வுட் வகை இரட்டை பிளக்: ஒன்று 3.5 மி.மீ., மற்றது 2.5 மி.மீ. டார்ச் அடித்துப் பார்த்தேன். பிளக்கின் பிளாஸ்டிக் விளிம்பு ரேடியோவின் உடம்பில் முட்டி நிற்கிறது, முனை அடிவரை போகவே இல்லை. பிளேடால் விளிம்பைச் சீவி அழுத்தினேன். டக்கென்று உட்கார்ந்தது, சர்ப் படிக்கத் தொடங்கியது! இந்தச் செய்தி வந்தால் மென்பொருளை மாற்றி மாற்றி நிறுவாதீர்கள்; முதலில் பிளக்கைப் பாருங்கள்.

முதலில் படித்த கோப்பை அப்படியே தனியாகச் சேமித்துவிட்டேன். எது கெட்டாலும் திரும்பிப் போக அது ஒன்றுதான் வழி.

ஜூன் 10
கேட்பது 437.800 மெகாஹெர்ட்ஸ், பேசுவது 145.990, ரிப்பீட்டரைத் திறக்கப் பேச்சோடு அனுப்பும் டோன் 67 ஹெர்ட்ஸ். நிலையம் நெருங்கும்போது டாப்ளர் விளைவால் சிக்னல் 10 கிலோஹெர்ட்ஸ் வரை மேலே ஏறும், விலகும்போது அதே அளவு இறங்கும். ஆகவே 437.810 முதல் 437.790 வரை 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஐந்து சேனல். பேசும் பக்கம் விலகல் 3.5 கிலோஹெர்ட்ஸ் அளவுதான், எல்லாவற்றுக்கும் 145.990 போதும்.

சர்ப்பில் டூப்ளெக்ஸ் கட்டத்தில் 'ஸ்பிளிட்' போட்டால், ஆஃப்செட் கட்டத்தில் வித்தியாசத்தை அல்ல, பேசும் அலைவரிசையையே எழுத வேண்டும். டோன் மோடில் 'டோன்' மட்டும். 'டிஎஸ்க்யூஎல்' வைத்தால் வரும் சிக்னலிலும் அந்த டோன் இருந்தால்தான் ஸ்பீக்கர் திறக்கும். நிலையம் தலைக்கு மேலே போனாலும் ரேடியோ ஊமையாக இருக்கும்.

ஜூன் 14
மாலை, மொட்டை மாடி. முதல் சேனலில் வெறும் இரைச்சல், இரண்டாவதில் உடைந்த குரல், 437.800இல் தெளிவாக வியு2 என்று தொடங்கும் ஓர் இந்திய அழைப்புக்குறி. விலகத் தொடங்கியதும் ஒரு சேனல் இறக்கினேன், குரல் கூடவே வந்தது. ரேடியோவோடு வந்த ரப்பர் ஆண்டெனாவில் இவ்வளவு கேட்டதே பெரிய சந்தோஷம். பேசுவதற்கு இது போதாது, கையில் பிடித்து ஒரு திசை நோக்கிக் காட்டும் யாகி ஆண்டெனா ஒன்று செய்ய அலுமினியக் கம்பி வாங்க வேண்டும்.