நாக்கு பெரிதென்றால் உடனே கத்தியா?

பிள்ளையின் நாக்கு வாய்க்கு வெளியே தள்ளி நிற்பதைக் கண்டதும் திருகோணமலையின் கிண்ணியா, மூதூர்ப் பக்கத் தாய்மார் முதலில் கேட்பது, "இதை வெட்டிச் சின்னதாக்கலாமா டொக்டர்?" என்றுதான். ஆக்கலாம். ஆனால் ஏன் பெருத்தது என்று தெரியாமல் ஒபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகக் கூடாது.

தைரொயிட் குறைவென்றால் தைரொக்சின் குளிசை போதும். இரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். டவுன் சின்ட்ரோம் பிள்ளைகளில் பெரும்பாலும் வாய்தான் சிறிது, தசையும் தளர்வு. பிறந்தவுடன் இரத்தத்தில் சீனி இறங்கி, தொப்புளும் பிதுங்கியிருந்தால், பிறவியிலேயே உடல் அளவுக்கு மீறி வளரும் பெக்வித்-வீடமன் நிலையை நினைக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்குச் சிறுநீரகத்திலும் ஈரலிலும் கட்டி வரக்கூடும். ஏறத்தாழ 7 வயதுவரை 3 மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கான் வேண்டும். நாக்கு சரியாகிவிட்டதென்று கிளினிக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மூச்சு அடைபட்டால், பால் இறங்காமல் நிறை ஏறாவிட்டால், முன்பற்கள் சந்திக்காமல் கீழ்த்தாடை முன்னே வளர்ந்தால் வெட்டத்தான் வேண்டும்.

நாக்கின் நுனியில் மட்டும் ஆப்பு வடிவத்தில் வெட்டினால் நீளம் குறையும். பின்பக்கம் அப்படியே தடித்து நிற்கும். அதனால் நடுவில் வட்டமாகவும் அங்கிருந்து நுனிவரை ஆப்பாகவும், சாவித்துவாரம் போல எடுப்பதே நல்லது என்பது என் எண்ணம். நீளமும் அகலமும் சேர்ந்து குறையும். நாக்கின் பெரிய நாடிகளும் நரம்புகளும் பக்கவாட்டிலும் அடியிலும் ஓடுகின்றன. கத்தி நடுக்கோட்டை விட்டு விலகி ஆழமாகப் போனால் இரத்தப்பெருக்கு. நரம்பு அறுபட்டால் அசைவும் உணர்வும் போகும். கரையும் நூலால் முதலில் தசையை, பிறகு மேல்தோலைத் தைக்க வேண்டும். மேலோடு மட்டும் தைத்தால் உள்ளே இரத்தம் தேங்கும், தையலும் பிரியும். நாக்கு சும்மா இருக்கும் உறுப்பா என்ன?

தியேட்டரை விட அடுத்த சில நாட்கள்தான் பயம். வெட்டிய நாக்கு வீங்கியே தீரும். மூக்கு வழியாகப் போட்ட சுவாசக் குழாயை அவசரப்பட்டு எடுத்தால் மூச்சே அடைபடும். வீக்கம் வற்றும்வரை பிள்ளை ஐசியூவில் இருக்கட்டும். உணவும் குழாய் வழியேதான். பிறகு ஆறின, உறைப்பில்லாத கஞ்சி.

கொழும்பில் செய்துகொண்டு, ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்றே இரவு ரயிலில் திருகோணமலைக்கு ஏறாதீர்கள். வழியில் இரத்தம் கசிந்தால் உதவிக்கு ஆளில்லை. வீடு வந்தபின் கசிந்தால், மல்லாக்கப் படுக்கவைக்காமல் முன்னே சாய்த்துப் பிடித்துக்கொண்டு 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள்.