பழுதே இல்லாத கேமராவுக்கு ஜாப் ஷீட் கிடையாதாம்

பெரம்பூரில் அப்பா தனியாக இருக்கிறார், வயது 78. நான் சேலையூரில். 2019-இல் அம்மா போன பிறகு வாசலில் ஒன்று, கூடத்தில் ஒன்று, கொல்லைப்பக்கம் ஒன்று என மூன்று வைஃபை கேமரா வாங்கி மாட்டினோம். காலையில் பால் பாக்கெட் எடுக்க அப்பா கதவைத் திறக்கிறாரா என்று போனில் பார்த்துவிட்டுத்தான் எனக்குக் காபியே இறங்கும். ஆறு வருஷம் ஒரு தகராறும் இல்லை. போன ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, மூன்றும் ஒரே நேரத்தில் 'ஆஃப்லைன்'.

இங்கே நான் செய்த முதல் தப்பு: நெட்டைச் சந்தேகப்பட்டது. ஏரியா பிராட்பேண்ட் தம்பி வந்து பார்த்துவிட்டு, "மூணும் ஒண்ணா போச்சுன்னா ரூட்டர்தான்க்கா" என்றான். புது ரூட்டர் 1,850 ரூபாய். புதுப் பாஸ்வேர்டெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது என்று அப்பா அடம்பிடித்ததால், பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையுமே அதிலும் போட்டுவிட்டுப் போனான். அந்த அடம்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது தப்பு இன்னும் பெரியது. கஸ்டமர் கேரில் பேசிய பெண், கேமராவின் பின்னால் உள்ள சின்ன ஓட்டையில் குண்டூசியை விட்டு 'ரீசெட்' செய்யச் சொன்னார். நல்ல வேளையாக, கைக்கு எட்டிய கொல்லைப்பக்கக் கேமராவை மட்டும்தான் செய்தேன். வாசல் கேமராவுக்கு ஏணி வேண்டும், சோம்பல். வாழ்க்கையில் என் சோம்பல் எனக்குச் செய்த ஒரே நல்லது.

அன்று ராத்திரி மெயிலைக் குடைந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. விளம்பர மெயில்கள் குவியும் பகுதியில், மூன்று மாசத்துக்கு முன்பே ஒரு கடிதம். தலைப்பையும் படத்தையும் பார்த்தால் புது மாடல் விற்கிற விளம்பரம்தான். நான்காவது பத்தியில், பொடி எழுத்தில், இந்த மாடல்களுக்கான சர்வர் இன்ன தேதியோடு நிறுத்தப்படும், ஆப் இயங்காது என்று ஒரு வரி. கூடவே புதிது வாங்க 15 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன்.

கேமரா எடுக்கிற படம் நேராக நம் போனுக்கு வருவதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். ஆப் முதலில் கம்பெனியின் சர்வரிடம் போய் "இவர் யார், இவருடைய கேமரா எங்கே" என்று கேட்கும். பதில் சொல்ல ஆள் இல்லை என்றால் உள்ளேயே விடாது. அப்பா அதே வீட்டில், அதே வைஃபையில் உட்கார்ந்துகொண்டு, பத்தடி தள்ளி இருக்கிற தன் வாசலைத் தன் போனில் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை கூடத்துக் கேமராவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு சர்வீஸ் சென்டர். டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம். கவுன்டரில் இருந்த பையன் அடாப்டரைச் செருகினான், பச்சை விளக்கு எரிந்தது.

"ப்ராடக்ட் நல்லாத்தானே இருக்கு மேடம்?"

"ஆமா, நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் எதுக்கு சர்வீஸுக்கு வந்தீங்க?"

ஆப் திறக்கவில்லை என்றேன். மாடல் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது எண்ட் ஆஃப் லைஃப் மேடம்" என்றான். கம்பெனி கைவிட்ட மாடல் என்று அர்த்தமாம். சரி, அதையே ஜாப் ஷீட்டில், அதாவது சர்வீஸுக்குப் பொருள் வந்ததைப் பதிந்து தரும் சீட்டில், எழுதிக் கொடு என்றேன். பழுது இருந்தால்தான் ஜாப் ஷீட் போட முடியுமாம், பழுது இல்லாத பொருளுக்கு சிஸ்டம் எடுத்துக்கொள்ளாதாம். மேனேஜர் வந்தும் அதே பாட்டு. அதோடு விட்டாரா? மூலையில் இருந்த மின்கழிவுப் பெட்டியைக் காட்டி, "இதுல போட்டுட்டுப் போங்க மேடம், கூப்பனை 20 பர்சென்ட் ஆக்கித் தரேன்" என்றார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கிற கேமராவை!

இந்த யோசனையை இவர்கள் கண்டுபிடிக்கவில்லை என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். சோனோஸ் என்ற ஸ்பீக்கர் கம்பெனி 2019-இல் பழைய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு 30 சதவீதத் தள்ளுபடி கொடுத்தது. அதை வாங்க வேண்டுமென்றால் பழையதை 'ரீசைக்கிள் மோட்'டில் போட வேண்டும். 21 நாளில் அது திரும்ப உயிர்பெறாதபடி செத்துவிடும். ஜனங்கள் திட்டித் தீர்த்த பிறகு 2020-இல் அதைக் கைவிட்டார்கள்.

நீங்கள் போனால், ஜாப் ஷீட் தராவிட்டாலும் அங்கே நின்றபடியே கம்பெனிக்கு ஒரு மெயில் தட்டிவிடுங்கள்: இன்ன தேதி, இன்ன மாடல், பொருள் வேலை செய்கிறது, சேவை நிறுத்தப்பட்டதாக உங்கள் சென்டரில் சொன்னார்கள் என்று. எனக்கு அது வீட்டுக்கு வந்துதான் தோன்றியது. கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் 1915-க்கு அடித்தேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசியவர் பொறுமையாகத் தமிழில் கேட்டார், புகார் எண் உடனே வந்தது. ஆனால் நான் புகார் கொடுத்தது பொருளை விற்ற ஆன்லைன் கடையின் மேல். திருப்பித் தரும் காலம் முடிந்துவிட்டது என்று ஒரு வரியில் பதில், புகார் மூடப்பட்டது. திரும்பவும் முதலிலிருந்து, இந்த முறை தயாரித்த கம்பெனியின் மேல். இருபது நாள் கழித்து, சேவையை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று நான் 'சம்மதம்' தட்டிய விதிமுறைகளில் இருக்கிறதாம் என்று பதில். கூப்பன் 25 சதவீதம் ஆனது. கத்தரிக்காய் பேரம் மாதிரி ஏறிக்கொண்டே போனதே தவிர, பணமோ மாற்றுப் பொருளோ பேச்சே இல்லை. 1915 சமரசம் பேசும் இடம்தான், உத்தரவு போடும் இடம் இல்லை. 2022 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய 'பழுதுபார்க்கும் உரிமை' தளத்தையும் பார்த்தேன். அங்கேயும் பழுதைப் பற்றித்தான் பேச்சு, என் கேமராவில்தான் அது இல்லையே.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று யோசித்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய இடம் எதுவானாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வீட்டிலிருந்தே இணையத்தில் தாக்கல் செய்யலாம். இடறியது இரண்டு இடத்தில். பில் என் வீட்டுக்காரர் பெயரில், அவருடைய பழைய ஆபீஸ் மெயிலில் இருந்தது. அந்த ஆபீஸை விட்டு நான்கு வருஷம் ஆகிறது. (கடையின் ஆர்டர் பட்டியலில் 2019 வரைக்கும் உருட்டிக்கொண்டே போய்ப் பில்லை எடுத்துவிட்டேன், அதுவே ஒரு சாயங்காலம்.) இரண்டாவது, வழக்குக்கான காரணம் எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அது வாங்கிய நாளா, சர்வரை அணைத்த நாளா என்பதையே வாதாட வேண்டிவரும் என்றார் தெரிந்த வக்கீல் ஒருவர். மூன்று கேமராவும் சேர்த்து 8,100 ரூபாய். நான் போகவில்லை. போகிறவர் யாராவது இருந்தால் என் வாழ்த்து, உண்மையாகவே.

கடைசியில் ரிச்சி தெரு, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பெரும்பாலான கடைகள் ஷட்டர் இறங்கி இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிய புத்திசாலி நான்தான். செவ்வாய் லீவு போட்டுவிட்டு மறுபடி. சென்ட்ரலில் மெட்ரோ ஏறினால் அடுத்த ஸ்டேஷன் அரசினர் தோட்டம், அங்கிருந்து நடை. முதல் இரண்டு கடையில் கேமராவைத் தொடவே இல்லை, புது செட்டுக்கு விலை சொன்னார்கள். மூன்றாவது, மாடிப்படிக்குக் கீழே ஒரு ஆள் மட்டும் உட்காரும் கடை. அந்தப் பெரியவர் கேட்ட முதல் கேள்வி: "ரீசெட் பண்ணிட்டியாம்மா?"

இல்லை என்றேன், இந்தக் கேமராவை. "தப்பிச்சே. ரீசெட் பண்ணா வைஃபை பேரு அழிஞ்சிடும். திரும்பப் போட ஆப் வேணும். ஆப்தான் இல்லையே."

கொல்லைப்பக்கக் கேமராவுக்கு மனசுக்குள் அஞ்சலி செலுத்தினேன்.

அவர் செய்த வேலை இவ்வளவுதான். எங்கள் வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்டு, தன் போன் ஹாட்ஸ்பாட்டுக்கு அதே பெயரை, எழுத்துப் பிசகாமல் வைத்தார். கேமரா பெரம்பூரில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு போய் ஒட்டிக்கொண்டது. லேப்டாப்பில் அதன் ஐ.பி. முகவரியை (நெட்வொர்க்கில் அதற்குக் கிடைத்த விலாச எண்ணை) தேடி, 554 என்ற போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்த்தார். பெரும்பாலான ஐ.பி. கேமராக்கள் ஆர்.டி.எஸ்.பி. முறையில் வீடியோ அனுப்பும் வாசல் அது. கேமராவுக்கு அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்டைப் போட்டதும் அவருடைய கடை, சால்டரிங் புகை, என் முகம் எல்லாம் திரையில் தெரிந்தது. என்னை அறியாமல் கை தட்டிவிட்டேன், பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

சில மாடல்களில் இந்த வாசலை ஆப்புக்குள் போய்த்தான் திறந்து வைக்க வேண்டுமாம். சர்வர் போன பிறகு திறக்கவே முடியாது. அதனால் உங்கள் கேமரா இன்று நன்றாக ஓடினாலும் இன்றைக்கே ஆப்பின் அமைப்புகளில் 'ஆர்.டி.எஸ்.பி.' அல்லது 'ஓன்விஃப்' என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள், இருந்தால் திறந்து பாஸ்வேர்டை எழுதி வையுங்கள். பெல்கின் கம்பெனி, போனிலிருந்து இயக்கும் தன் வீமோ பிளக்குகளுக்கு 2026 ஜனவரி 31-ஓடு சேவையை நிறுத்தியபோதும் இதே கதைதான், வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஆப்பிளின் ஹோம்கிட்டில் முன்கூட்டியே இணைத்து வைத்தவர்கள் தப்பித்தார்கள்.

நாலு கேமராவின் வீடியோவை வாங்கிப் பதிவு செய்யும் பழைய என்.வி.ஆர். பெட்டி ஒன்று, ஹார்ட் டிஸ்க்கோடு 3,200 ரூபாய்க்குக் கொடுத்தார். எச்.டி.எம்.ஐ. கேபிளில் அப்பாவின் டிவியோடு இணைத்தாயிற்று. புது ரூட்டரிலும் பழைய வைஃபை பெயரே இருந்ததால் கேமராக்கள் தாமாகவே ஒட்டிக்கொண்டன, அப்பாவின் அடம் வாழ்க. வாசலும் கூடமும் பளிச்சென்று தெரிகிறது. நான் சேலையூரிலிருந்து பார்க்க அந்தப் பெட்டியின் ஆப் வேண்டும், அதுவும் அதன் கம்பெனி சர்வர் வழியாகத்தான் வருகிறது. அந்த சர்வர் இல்லாமல் வெளியிலிருந்து நேராகப் பார்க்க, பிராட்பேண்டில் மாறாத ஐ.பி. முகவரி கேட்டால் மாசாமாசம் தனிக் கட்டணம் என்றார்கள். இந்த ஆப் எத்தனை வருஷம் வரும் என்று பெரியவரிடம் கேட்டேன். "அவன் கடை இருக்கிற வரைக்கும். டிவில தெரியறதை எவனும் நிறுத்த முடியாது, அதைப் பாரு" என்றார்.

ரீசெட் ஆன கேமரா கொல்லைப்பக்கச் சுவரில்தான் இன்னும் இருக்கிறது. கழற்றப் போனேன், அப்பா விடவில்லை. ராத்திரி பூரா சிவப்பு விளக்கு மினுக்குகிறது, திருடனுக்கா தெரியப்போகிறது என்கிறார். புது வீட்டுக்குக் கட்டுகிற திருஷ்டி பொம்மை மாதிரி அது பாட்டுக்கு முழித்துக்கொண்டிருக்கிறது.