குதிரை லத்தி எரு: மூன்றாவது அம்பாரத்தில் வெள்ளை பூக்கவில்லை

குதிரை லத்தியை மட்கவைக்கும் மூன்றாவது அம்பாரத்தை (குவியலை) இன்று காலை நாலாவது தடவையாகப் புரட்டியாயிற்று. நடுவயிற்றில் கைவிட்டு எடுத்த எருவில் ஒரு பொட்டு வெள்ளைகூட இல்லை. முதல் இரண்டும் இதே பன்னிரண்டாம் நாளில் உள்ளே சாம்பல் பூத்து, அள்ளினால் உமிபோல் பறந்தன. மூன்றுக்கும் இடையே மாறியது ஒன்றுதான்: லத்திக்குத் தண்ணீர் ஏற்றிய விதம்.

மாட்டுச் சாணியில் பழகிய கைக்கு இது சட்டென்று பிடிபடாது. சாணி ஈரத்தோடு வந்து ஈரத்தோடு உட்காரும். குதிரை அசைபோடாத விலங்கு; தின்ற நார் பாதி அப்படியே உருண்டையாக வெளியே வந்துவிடும். உருண்டையின் மேல் வழவழப்பாக ஒரு தோல் இருக்கும். இரண்டு நாள் வெயில் பட்டால் அது காய்ந்து மெழுகு பூசியது மாதிரி ஆகிவிடும். குவித்து வைத்துவிட்டு மேலிருந்து ஹோஸ் பிடித்தால், தண்ணீர் உருண்டைகளின் இடுக்கு வழியே நேராக அடிக்கு ஓடும். மேலே நனைந்திருக்கும், அடியில் சேறு, நடுவில் பொரி. அந்தக் காய்ந்த நடுப்பகுதி மூன்றே நாளில் 65 டிகிரிக்கு ஏறி, இருந்த ஈரத்தையும் ஆவியாக்கிவிடும். அதன்பிறகு வெள்ளை பூத்து அப்படியே நின்றுபோகும். அந்த வெள்ளை நோய் ஒன்றும் இல்லை, சூட்டை விரும்பும் ஆக்டினோமைசீட்ஸ் என்ற நுண்ணுயிர்தான். ஓரத்தில் கொஞ்சம் தெரிந்தால் நல்லதே. நடுவையே பிடித்துக்கொண்டால் அங்கே தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துகொண்டிருக்கும், மூக்கே காட்டிக்கொடுக்கும்.

எவ்வளவு தண்ணீர் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. லாயத்திலிருந்து வந்து சில நாள் கிடந்த லத்தியில் ஈரம் 40 சதவீதம் என்று வையுங்கள். 1 டன்னில் உலர் பொருள் 600 கிலோ. ஈரம் 60 சதவீதம் ஆக வேண்டுமானால் மொத்த எடை 1,500 கிலோவாக வேண்டும். அதாவது டன்னுக்கு 500 லிட்டர். இந்த அம்பாரம் சுமார் 2 டன், ஆகவே 1,000 லிட்டர். முதல் தடவை ஊற்றியது இதில் பாதிகூட இல்லை, அதுவும் அடியில் போய்த் தேங்கியது.

இந்த முறை குவிப்பதற்கு முன்பே நனைத்தது. தரையில் ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி, மண்வெட்டியின் முதுகால் உருண்டைகளை உடைத்து, பூவாளியால் மெதுவாகத் தெளித்தல். உடைக்காமல் தெளித்தால் பிரயோசனம் இல்லை. முதல் தெளிப்பில் பாதித் தண்ணீர், பிறகு ஈரச் சாக்கு போட்டு ஒரு ராத்திரி விட்டுவிட வேண்டும். தோல் இளகிவிடும். மறுநாள் காலையில் மீதித் தண்ணீர், உடனே குவியல். குவிக்கும்போது முழங்கை ஆழத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்துப் பிட்டுப் பார்க்கவும். உள்ளே வைக்கோல் நிறத்தில் மஞ்சளாக இருந்தால் இன்னும் ஏறவில்லை. கரும்பழுப்பாக இருந்து, இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் அதிகம், காய்ந்த சோளத்தட்டைக் கலந்துகொள்ளலாம்.

குவியல் அளவு: அடி அகலம் 2 மீட்டர், உயரம் 1.5, நீளம் 2.5. ஒரு கன மீட்டருக்குக் குறைந்தால் சூடு நிற்காது. இரண்டாம் நாள் 48, மூன்றாம் நாள் 61, ஐந்தாம் நாள் 66 டிகிரி. அங்கே முதல் புரட்டல். 15 நாள் 55 டிகிரிக்குக் குறையாமல், அதற்குள் ஐந்து புரட்டல் என்பது இலக்கு. ஒவ்வொரு முறையும் வெளித்தோலை உள்ளே தள்ள வேண்டும், களை விதையும் புழு முட்டையும் சாகாமல் ஒளிந்திருப்பது அந்த ஓரத்தில்தான். நீளக் கம்பி வைத்த டயல் தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் இரும்புக் கம்பியைச் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவிப் பிடித்துப் பார்க்கலாம், கை பொறுக்காத சூடு வேண்டும்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இன்னும் ஓயவில்லை. மேற்கு முகம் ஒரே நாளில் காய்ந்து வெளுக்கிறது. அந்தப் பக்கம் மட்டும் சணல் சாக்கை நனைத்துப் போர்த்தியிருக்கிறது. பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுக்கி மூடவே கூடாது, காற்று போகாமல் புளித்த நாற்றம் வரும்.

லாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பு வைக்கோல் படுக்கை போட்டவர்கள் இப்போது சொல்லாமலே மரத்தூளுக்கு மாறிவிட்டார்கள். வண்டியில் ஏற்றுமுன் கேட்டுவிடுங்கள். லத்தியின் கரிம-தழைச்சத்து விகிதம் சுமார் 25-க்கு 1, மரத்தூள் 400-க்கும் மேல். பாதித் தூளாக வந்த லோடை அப்படியே பாத்தியில் போட்டால் கத்தரி, மிளகாய் எல்லாம் மஞ்சளடித்து நிற்கும், மண்ணிலிருக்கும் தழைச்சத்தைத் தூள் இழுத்துக்கொள்ளும். அப்படி வந்தால் பச்சைச் சாணியைக் கரைத்து, நனைக்கும் தண்ணீரோடு சேர்ப்பது வழி. சிறுநீர் ஊறிய படுக்கையை ஒதுக்காதீர்கள், தழைச்சத்து அதில்தான் கணிசமாக இருக்கிறது. நெல் உமி வந்தால் கவலை இல்லை, மட்க நாளாகும், ஆனால் காற்றோட்டம் தரும்.

குடற்புழுவுக்கு ஐவர்மெக்டின் பசை கொடுத்த தேதியையும் கேட்க வேண்டும். மருந்து லத்தியோடு வெளியேறி சாணி வண்டுகளின் புழுக்களைக் கொல்லும். மருந்து கொடுத்த பின் வரும் இரண்டு வார லத்தியைத் தனியே மட்க விடுவது நல்லது. வெறுங்கையில் வெட்டுக்காயத்தோடு இதை அள்ளக் கூடாது, டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். குதிரை லத்தியில் டெட்டனஸ் கிருமி இருப்பது சாதாரணம்.

தென்னந்தோப்பு பக்கத்தில் இருந்தால் இன்னொரு தொல்லை: காண்டாமிருக வண்டு முட்டை வைக்க எருக்குவியலைத் தேடி வரும். சூடு இருக்கும்வரை வராது, ஆறும்போதுதான். வளைந்த வெள்ளைப் புழு கண்ணில் பட்டால் பொறுக்கி எடுத்து, அந்தப் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையைக் குவியலில் கலந்துவிட வேண்டும்.

இனி ஆறு வாரமாவது ஆற வேண்டும். பிறகு பாதி எரு, பாதி மண் கலந்து தட்டைப்பயறு ஊன்றிப் பார்ப்பது. இரண்டு மூன்று வாரத்தில் இலை கிண்ணம்போல் சுருண்டால் தீவனப் புல்லில் களைக்கொல்லி இருந்திருக்கிறது. 2008-இல் பிரிட்டனில் அமினோபைராலிட் என்ற களைக்கொல்லியால் தோட்டக்காரர்கள் பட்ட பாடு இதே வழியில் வந்ததுதான்.

5 கன மீட்டர் சுருங்கிப் பாதியாகும். அதில் 1 கன மீட்டர் காய்கறிப் பாத்திக்கு, ஒரு சென்டுக்கு ஒரு அங்குலக் கனம். மீதி ஒன்றரை கன மீட்டர் கொறங்காட்டுக்கு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காட்டுக்கு. அரை சென்டிமீட்டர் தூவினால் ஏழு சென்ட் வரும். கொழுக்கட்டைப் புல் குத்துகளை மூடாமல் இடைவெளியில்தான் தூவ வேண்டும். கனமாகப் போட்டால் குருத்து மஞ்சளாகும். ஐப்பசி மழைக்கு ஒரு வாரம் முன்னால் போட்டு, புல் ஒரு சாண் எழும்வரை ஆடுமாடு விடாமல் கிளுவை வேலியில் படலைச் சாத்தி வைப்பது உத்தேசம். வெள்வேல மர நிழலில் மட்டும் தூவாமல் ஒரு துண்டு விட்டுப் பார்க்கிறேன், காய் தின்ன ஆடுகள் அங்கேயே அடைந்து ஏற்கெனவே புழுக்கை குவிந்திருக்கிறது.

நாளை மறுநாள் ஐந்தாவது புரட்டல். பக்கத்திலேயே நாலாவது லோடை ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி உடைத்து வைத்தாயிற்று, பூவாளிதான் இன்னும் ஒன்று வேண்டும்.